நாக்கைத் தூக்குங்கப்பா

பொய் சொல்லாதீங்க அண்ணாச்சி. நர்ஸ் ஸ்டெல்லா அக்கா வந்து ‘மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுறீங்களா’ என்று கேட்டதும் ‘ஆமாம்மா, ஆமாம்மா’ என்று தலையை ஆட்டினீங்களே, மடியில் பை திறந்துதான் கிடக்கிறது. அட்டையில் பாதி மாத்திரை அப்படியே இருக்கிறது. என் கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது. மொபைல் கடையில் வேலை. எறும்பு மாதிரி ஸ்க்ரூவை எல்லாம் பார்த்துப் பழகின கண்.

கோபமா? கோபப்படுங்க, பரவாயில்லை. எங்கப்பாவும் இதே பெஞ்சில் உட்கார்ந்து இப்படித்தான் தலையை ஆட்டினார். போன வாரம் அவருக்குப் பதினாறு கழிந்தது.

சுகர்தான். ஆனால் கூடிச் சாகவில்லை. குறைந்து செத்தார். அப்படியும் சாகலாம் என்று எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாம் ‘வாயைக் கட்டியிருக்க மாட்டாரு’ என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் வாயைக் கட்டினதால் செத்தார் என்று எத்தனை பேரிடம் சொல்வது? சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் பதினொன்றாம் கிளாஸ் பாதியிலேயே நின்றேன். படிப்பு வராமல் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் டோக்கன் வர இன்னும் நேரம் இருக்கிறது. என்னுடையதா? என்னுடையது போய்விட்டது. இப்போது பச்சைச் சேலை கட்டின அக்கா உள்ளே போனாங்களே, அது என் நம்பர். கைப்பிள்ளை அழுதது, போங்க என்று விட்டுவிட்டேன். நான் அவங்க நம்பரை வாங்கிக்கொண்டேன். அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கப்பாவைப் பார்த்திருப்பீங்க. அய்யாத்துரை மாஸ்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்லப்பாண்டி கடையில் பரோட்டா போடுவார். வீச்சு பரோட்டா வீசினால் அந்தப் பக்கம் நிற்கிறவன் முகம் இந்தப் பக்கம் தெரியும், அவ்வளவு மெல்லிசு. அங்கே சாப்பிட்டிருக்கீங்களா? அப்படியென்றால் அவர் கையால் சாப்பிட்டிருக்கீங்க.

அவர் சாப்பிட்டுப் பார்த்திருக்கீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. யாருமே பார்த்திருக்க மாட்டாங்க. பரோட்டாக் கல்லில் நிற்கிறவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். அந்தக் கடையில் அது சட்டம். மாஸ்டர் முதலில் சாப்பிட்டால் அன்றைக்குக் கல் காயாது, வியாபாரம் ஓடாது என்று ஒரு நம்பிக்கை. முதலாளி சொன்னதா, அப்பாவே நம்பினதா, தெரியாது. காலையில் பால் ஊற்றாத ஒரு வரட்டீ. வயிறு நிறைந்தால் மாவு அடிக்க முடியாது என்பார். அப்புறம் மதியக் கூட்டம் எல்லாம் போய், கல்லைச் சுரண்டித் துடைத்து, நாலு மணி வாக்கில் மீந்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி உட்காருவார். எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து இதுதான்.

இப்போது இந்த டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன். குணசீலன் டாக்டர் நல்லவர். இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத் தடுப்பூசி போட்டவர், எங்கம்மாவுக்கு மஞ்சக்காமாலை வந்தபோது பார்த்தவர். ஆனால் அவர் கேள்வி கேட்கிற விதம் இருக்கிறதே, அதைக் கவனித்திருக்கீங்களா? கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுப்பார்.

“மாத்திரை போடுறீங்க, இல்ல?”

“ஆமா சார்.”

“நேரத்துக்குச் சாப்பிடுறீங்க, இல்ல?”

“ஆமா சார்.”

“தலைசுத்தல், படபடப்பு ஒண்ணும் கிடையாது, இல்ல?”

“இல்ல சார்.”

முடிந்தது. வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவரும் என்ன செய்வார் என்று நீங்கள் சொல்வீங்க. எங்கம்மாவும் அதையேதான் சொல்கிறாள். ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘மாஸ்டர், எத்தனை மணிக்குச் சாப்பிடுதீங்க’ என்று கேட்டிருந்தால்? மணி கேட்டால் தலையை ஆட்ட முடியாதே. மணியைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

அப்பா டாக்டரைப் பார்க்க வருகிற அன்றைக்குக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்புவார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி. மாவு நாற்றம் போக வேண்டும் என்று நகத்தை எல்லாம் எலுமிச்சை மூடி வைத்துத் தேய்ப்பார். உள்ளே போகும்போது செருப்பை வெளியிலேயே விட்டுவிடுவார். ‘செருப்போட வாங்க மாஸ்டர்’ என்று டாக்டர் எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார். அப்படிப்பட்ட ஆள் அவர் முகத்தைப் பார்த்து ‘மாத்திரை போடலை’ என்று சொல்வாரா?

ஆமாம், போடவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வீட்டில் எங்களுக்கும் தெரியாது. மாதா மாதம் வருவார், இரத்தம் கொடுப்பார், சுகர் ஏறியிருக்கும். டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். ‘போட்டும் குறையலையே மாஸ்டர்’ என்பார். பாதி மாத்திரை ஒன்றாச்சு. ஒன்று இரண்டாச்சு. அப்புறம் இன்னொரு கலரில் ஒன்று சேர்ந்தது. அதற்குள் காலில், கட்டை விரலுக்குப் பக்கத்தில், கல்லில் இருந்து எண்ணெய் தெறித்து ஒரு புண். அது ஆறவே இல்லை. ‘இப்படியே போனா விரலை எடுக்கச் சொல்லுவாங்க’ என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு நானும் கூட வந்திருந்தேன். விரலை எடுத்தால் நின்று வேலை பார்க்கிறவர் எப்படி நிற்பார்? அதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரமே கண்டுபிடித்துவிட்டேன். அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் நின்றுவிட்டது. ஸ்பேனர் இருக்குமா என்று சீட்டைத் தூக்கிப் பார்த்தால், அட்டை அட்டையாக மாத்திரை. ரப்பர் பேண்டு போட்டு, துணிக்கடைக் கவரில் சுற்றி வைத்திருக்கிறார். தூரப் போடவும் மனசு வரவில்லை போல.

சாயங்காலம் கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

“என்னப்பா இது?”

“மெதுவா பேசு லே. முதலாளி காதுல விழுந்துரும்.”

“ஏன் போடல?”

“போட்டேன். ஆரம்பத்துல போட்டேன். போட்டுட்டு கல்லுல நின்னா கை நடுங்குது. வேர்த்து ஊத்துது. ஒரு நாள் வீச்சு கைய விட்டுத் தரையில போயிட்டு. சனம் பூரா பாத்துக்கிட்டு இருக்கு. முதலாளி என்ன கேட்டாரு தெரியுமா? ‘என்ன மாஸ்டர், காலையிலயேவா’ன்னு கேட்டாரு. என்னப் பாத்து. ஒரு சொட்டுக் குடிச்சிருப்பேனா லே நான்?”

“அத டாக்டர்ட்ட சொல்ல வேண்டியதுதான?”

“எப்படிச் சொல்ல? அவரு அவ்வளவு படிச்சிட்டு யோசிச்சு எழுதிக் குடுக்காரு. ‘ஒம்ம மாத்திரை எனக்குப் பிடிக்கல’ன்னு சொல்லுறதா? பெரிய மனுசன் லே அவரு. இப்ப போயி இத்தன மாசமா பொய் சொன்னேன்னு சொன்னா மூஞ்சில முழிக்க முடியுமா? நீயும் சொல்லிராத. என்ன?”

நான் சொல்லவில்லை. நான் கோள் சொல்கிற ஆள் இல்லை. ‘சரி, சொல்லல. ஆனா நாளையில இருந்து ஒரு வேளை விடாம என் கையால போடணும்’ என்றேன். அவர் சிரித்தார். தப்பித்துவிட்டோம் என்கிற சிரிப்பு. டாக்டரிடம் போவதற்கு நான் எவ்வளவோ பரவாயில்லை என்று நினைத்திருப்பார்.

அவருக்கு என்னைப் பற்றி அப்போது தெரியவில்லை.

காலையில் அவர் வரட்டீயைக் குடித்து முடிக்கிறதற்குள் தண்ணீரோடு நின்றுவிடுவேன். மாத்திரைக் கவரில் எழுதியிருக்கிறபடி எல்லாம். இரண்டு, அப்புறம் அந்தக் கலர் ஒன்று. வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வாசலில் போய்த் துப்பப் பார்த்தார் ஒரு நாள். பிடித்துவிட்டேன். அதற்கப்புறம் தினமும் சோதனைதான்.

“நாக்கைத் தூக்குங்கப்பா.”

“ஏலே, நீ டாக்டரா போலீஸா?”

“தூக்குங்க.”

தூக்குவார். சின்னப் பிள்ளை மாதிரி ஆ என்று காட்டுவார். எங்கம்மா அடுப்படியில் இருந்து பார்த்துச் சிரிப்பாள். ‘பள்ளிக்கூடத்துக்குத்தான் போகல, இதுலயாவது கெட்டிக்காரன்’ என்பாள். நான் ஒரு வேளைகூட விடவில்லை அண்ணாச்சி. அதை யாரும் என்னிடம் குறை சொல்ல முடியாது. கவரில் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதியிருந்தது. முன்னால்தான் கொடுத்தேன். சாப்பாடு எப்போது என்று கவரில் எழுதவில்லை.

நாலு மணிக்குச் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீங்களா? தெரியும். எப்போதும் தெரிந்ததுதானே அது. எங்கள் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்கிற மாதிரி. அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் உண்டு என்று யார் சொன்னார்கள்?

இரண்டு மூன்று நாளில் புண் காய்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம். அப்பாதான் ஒரு மாதிரி ஆகிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பேசாமல் படுத்துவிடுவார். ‘உடம்பு பதறுது லே’ என்றார். ‘மாத்திரை வேலை செய்யுதுப்பா, அப்படித்தான் இருக்கும்’ என்றேன். இன்னொரு நாள் சொன்னார், ‘நின்னுக்கிட்டே இருக்கேன், கல்லு தூரமாப் போகுது’. கை எட்டுகிற தூரத்தில் இருக்கிற கல் எங்கே போகும்? கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன். பவர் கூடியிருக்கும், தீபாவளிக்குள் மாற்றிவிடலாம் என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு வேர்க்கத்தானே செய்யும், அதை யார் பார்ப்பார்கள்? கொத்து பரோட்டா கேட்டவருக்கு வீச்சு போட்டிருக்கிறார். ‘என்ன மாஸ்டர்’ என்று கேட்டால் முறைத்திருக்கிறார். எங்கப்பா யாரையும் முறைக்கிற ஆள் கிடையாது. நாக்குக் குழறியிருக்கிறது. முதலாளி மறுபடியும் அதையேதான் நினைத்திருக்கிறார். ‘கொண்டுபோய் மாவு மூட்டை பக்கம் படுக்கப் போடுங்கப்பா, தெளியட்டும்’ என்று சொல்லியிருக்கிறார். தெளியட்டுமாம்.

டீ போடுகிற மைதீன் மாமாவுக்கு மட்டும் சந்தேகம். அப்பாவின் வாய் கிட்டே மோந்து பார்த்திருக்கிறார். வாடை இல்லை. ‘அசதியா இருக்கும், ஒரு டீ குடிச்சா சரியாப்போகும்’ என்று நல்ல திக்காக டீ ஆற்றி, இரண்டு கரண்டிச் சீனியை அள்ளியிருக்கிறார். முதலாளி கல்லாவில் இருந்து கத்தினாராம், ‘யோவ், சீனி வியாதிக்காரருக்குச் சீனியா? கொல்லப் பாக்குறியா?’ அள்ளின சீனியை மாமா திரும்ப டப்பாவிலேயே கொட்டிவிட்டார். சீனி போடாத டீயைத்தான் தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டியிருக்கிறார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு ‘கசக்கு’ என்றாராம். அதுதான் அவர் கடைசியாகப் பேசினது.

யோசித்துப் பாருங்க. அந்தக் கடையில் ஒரு மூட்டைச் சீனி இருக்கிறது. அவர் தலைமாட்டிலேயே இருக்கிறது.

எனக்கு போன் வந்து நான் போய், ஆட்டோ பிடித்து, பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா விரலில் குத்திப் பார்த்ததும் ஓடினாங்க. ஊசியில் குளுக்கோஸ் ஏற்றினாங்க. ஏற்றிக்கொண்டே கேட்டாங்க, ‘மாத்திரை போட்டுட்டு சாப்பிட்டாரா, இல்லையா?’ நான் ‘மாத்திரை கரெக்டா போட்டாரு மேடம்’ என்றேன். ‘அது இல்ல, சாப்பிட்டாரா?’ என்றாங்க. அப்படி ஒரு கேள்வியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கண் திறக்கவே இல்லை. மூளைக்கு ரொம்ப நேரம் சீனி போகவில்லை என்றாங்க. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

மைதீன் மாமா இன்னும் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு ‘அள்ளிட்டேன் மாப்ள, கரண்டில அள்ளிட்டேன்’ என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுக்கிறாள். அவர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போகிறார்.

இல்லை இல்லை, நீங்கள் போங்க பெரியம்மா, எனக்கு அவசரம் இல்லை. நம்பரைக் கொடுங்க, மாற்றிக்கொள்வோம்.

என்ன அண்ணாச்சி அப்படிப் பார்க்கிறீங்க? மூட்டு வலியோடு நிற்கிறாங்க. விட்டால் என்ன?

நான் எதற்கு வந்தேன் என்றா? டாக்டர் வரச் சொன்னார். துட்டிக்கு அவரும் வந்தார். மாலை வாங்கிக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அம்மாவிடம் கேட்டார், “மாத்திரை எல்லாம் ஒழுங்கா போட்டுட்டுதான இருந்தாரு?” அப்போதும் அதே மாதிரிதான் கேட்டார். அம்மா அழுதுகொண்டே, “எம்புள்ள ஒரு வேளை விடாமக் குடுத்தான் டாக்டர். நாக்கத் தூக்கச் சொல்லிப் பாத்துப் பாத்துக் குடுத்தான்” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உட்காரப் போனவர் உட்காராமலேயே போய்விட்டார்.

இரண்டு நாள் முன்னால் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு வந்து, ‘டாக்டர் தம்பிய வரச் சொன்னாரு’ என்றாங்க. அம்மா ‘படிக்க வைக்கப் போறாரு லே, போயிட்டு வா’ என்கிறாள். படிக்க வைக்கவா கூப்பிடுவார்? என்னைத் திட்டலாம். இல்லையென்றால் ‘தப்பு என்மேலதான்’ என்று சொல்லலாம். இதில் எதைச் சொன்னாலும் நானும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

அவர் கேட்கவே இல்லை என்று சொன்னேன் இல்லையா? ஒரு தடவை கேட்டார். இருக்கிறதைச் சொல்ல வேண்டும் இல்லையா, கேட்டார். அந்த விரலை எடுக்கணும் என்று சொன்ன அன்றைக்கு. அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் நிறுத்தினார். மாத்திரையைக் கூட்டி எழுதிக்கொண்டே சொன்னார்.

“தம்பி, உங்கப்பா நான் எது கேட்டாலும் தலையாட்டுறாரு. எனக்கு அதுதான் பயமா இருக்கு. புண்ணு இருக்கிறதால இப்ப கூட்டித்தான் குடுக்கேன். நீ வீட்டுல கவனிச்சுப் பாரு. நெசமாவே போடுறாரா, எப்ப சாப்பிடுறாரு, எல்லாத்தையும் பாத்துட்டு இந்த வாரத்துக்குள்ள எங்கிட்ட வந்து சொல்லு. டோக்கன் எல்லாம் வேண்டாம். நேரா உள்ள வா.”

சரி சார் என்றேன். தலையையும் ஆட்டினேன்.

அப்புறம் ஸ்கூட்டரில் அதைக் கண்டுபிடித்தேனா, ‘சொல்லிராத’ என்று அப்பா கேட்டுக்கொண்டாரா, நானும் ஒழுங்காகப் போட வைக்க ஆரம்பித்துவிட்டேனா. இனிமேல் சொல்கிறதற்கு என்ன இருக்கிறது? அதுதான் சரியாகிவிட்டதே என்று நினைத்தேன். ஒரு நாள் இந்த வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே ஒரே கூட்டம். நேராக உள்ளே போனால் எல்லாரும் திட்டுவார்கள். நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. திரும்பிவிட்டேன்.

அதோ, ஸ்டெல்லா அக்கா என் நம்பரைத்தான் கூப்பிடுகிறாங்க. இந்தாங்க அண்ணாச்சி, நீங்கள் போங்க. அட, பிடிங்க. உள்ளே போனதும் அந்தப் பையைக் கொட்டிக் காட்டுங்க. அவர் ‘இல்ல?’ என்று கேட்கிறதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்க. எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க என்று மணியைச் சொல்லுங்க. வெட்கப்படாதீங்க.

நான் கிளம்புகிறேன். வண்டி வெயிலில் நிற்கிறது, கடைக்கும் நேரமாச்சு. அந்தப் பையன் வந்தானா என்று கேட்டால், வந்தான் என்று சொல்லுங்க. ‘வந்து சொல்லு’ என்றுதானே சொன்னார். வந்தேன்தானே அண்ணாச்சி.